காப்பியில் விழுந்த சில்வர் ஓக்

பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, பெண்ணின் அத்தை குடித்துக்கொண்டிருந்த காப்பியில் பச்சையாக ஏதோ மிதந்தது.

அத்தை தம்ளரைக் கதவு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்கக்கா, காப்பியில பச்சையா என்னமோ மெதக்குதுங்களே."

அம்மா கண் இமைக்கவில்லை. "ஏலக்காயிங்க. தட்டிப் போட்டிருக்கறன்."

அத்தை ஒரு வாய் குடித்தார். "வாசமே வரலீங்களே."

"இந்த மழைக்கு எதுலீங்க வாசம் நிக்குது" என்றார் அம்மா.

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். மேலே பார்க்கக் கூடாது என்று காலையிலிருந்தே எனக்கு உத்தரவு. அதனால் தரையைப் பார்த்தேன். அத்தையின் தம்ளரில் மிதந்தது ஏலக்காய் அல்ல, புல் என்பது அந்த அறையில் என் வீட்டார் மூன்று பேருக்கு மட்டும் தெரியும்.

அடுத்து விழுந்தது மரம். விரல் நீளத்தில் ஒரு மரம். பெண்ணின் அப்பா ரங்கசாமியின் தம்ளரில் தலைகீழாக இறங்கி, வேர் மேலே தெரிய நின்றது.

அவர் அதை இரண்டு விரலால் வெளியே எடுத்து, ஒரு உதறு உதறி, கண்ணருகே கொண்டுபோனார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்விதான்.

"சில்வர் ஓக்குதானுங்க தம்பி இது?"

கூரைக்கு அடியில்

இரண்டு வாரத்துக்கு முன் எஸ்டேட் லைன் வீட்டின் அமைப்பைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன். முன்னால் ஒரு அறை, பின்னால் சமையலறை, மேலே தகரம். அதைப் படித்த ஒரு வாசகர், "அவ்வளவு சின்ன வீட்டில் பொழுதுபோக்கு என்று எதற்காவது இடம் இருந்ததா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். இருந்தது. தரையில் அல்ல, தலைக்கு மேலே.

எங்கள் முன்னறையின் உத்தரத்திலிருந்து, நான்கு கயிறுகளில், ஆறடிக்கு நாலடி அளவில் ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு மலை. மலையில் இரண்டு குகை, ஒரு பாலம், ஒரு ஸ்டேஷன், தேயிலைச் சரிவு. அதைச் சுற்றி மேலே ஏறும் ஒரு ரயில், நான்கு பெட்டிகளோடு.

எல்லாம் என் கையால் செய்தது. நான் அப்போது எஸ்டேட் ஆபீசில் கிளார்க். அப்பா ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை. அம்மா இலை எடுக்கப் போவார். அப்பா வழியிலும் சரி, அம்மா வழியிலும் சரி, பள்ளிக்கூடம் போனவன் நான்தான் முதல். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் பத்திரமாகப் போன முதல் காகிதம் என் மார்க் ஷீட்.

எங்கள் லைனுக்குக் கீழே, பள்ளத்தை ஒட்டி, குன்னூருக்கு ஏறும் மலை ரயிலின் தண்டவாளம் போனது. காலையில் அது கூவினால் அம்மாவுக்கு மணி தெரியும். எனக்கு வேறொன்று தெரிந்தது. இதை எப்படியாவது வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

ஐம்பதில் ஒன்று

அதற்கு விதை போட்டது ஏழாம் வகுப்பு பூகோளப் பாடம். வரைபடத்தின் மூலையில் "அளவு" என்று ஒரு கோடு இருக்கும். ஒரு அங்குலம் என்றால் இத்தனை மைல். அவ்வளவு பெரிய நாட்டை ஒரு தாளுக்குள் ஏமாற்றாமல் அடக்க முடியும் என்பது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து கட்டில், அடுப்பு, அம்மாவின் இலைக் கூடை எல்லாவற்றையும் அளந்து நோட்டில் எழுதினேன். "என்னத்தடா அளக்கற, கண்ணு?" என்று அம்மா கேட்டார். "ஊட்டச் சின்னதாக்கப் போறன்" என்றேன். "இதுக்கு மேலயா?" என்றார்.

வேலைக்குப் போன பிறகு அதே கிறுக்கு ரயிலின் பக்கம் திரும்பியது. குன்னூர் ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது, யாரும் பார்க்காத நேரத்தில், சணல் கயிற்றால் பெட்டியின் நீளத்தை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வருவேன். ஜன்னலுக்கு ஒரு முடிச்சு, கதவுக்கு ஒரு முடிச்சு. நிஜத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கணக்கு வைத்துக்கொண்டேன். தண்டவாளத்தின் அகலம் இரண்டு சென்டிமீட்டர் வந்தது.

தண்டவாளத்துக்கு நீலகிரியில் பஞ்சமில்லை. இங்கே வருஷத்தில் பாதி மழை. மழை என்றால் குடை. காற்றில் மடங்கிச் செத்த குடைகள் லைனில் வீட்டுக்கு இரண்டு கிடக்கும். குடையின் கம்பியைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டினால், மின்சாரம் ஓடும் அருமையான தண்டவாளம். கொஞ்ச நாளில் லைன் ஆட்கள் குடை உடைந்தால் எங்கள் வாசலில் கொண்டுவந்து போட ஆரம்பித்தார்கள். "உன்ற ரயிலு என்ற குடையிலதான் ஓடுது" என்று சொல்லிக்கொள்ள ஆறேழு பேர் இருந்தார்கள்.

எஞ்சினுக்குள் இருந்தது பழுதான டேப் ரெக்கார்டரின் மோட்டார். கரண்டைப் பாட்டரி அளவுக்குக் குறைத்துத் தரும் எலிமினேட்டர் பெட்டி ஒன்றைப் பழைய சாமான் கடையில் பிடித்தேன். சமதரையில் வண்டி ஓடியது. மலை ஏறச் சொன்னால், சக்கரம் சுற்றியது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

நிஜ ரயிலுக்கும் இதே கஷ்டம்தான். அதற்காகத்தான் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த மூன்றாவது இரும்பு ஒன்று போட்டிருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி மேலே ஏறும். என் எஞ்சினுக்கு அலாரம் கடிகாரத்திலிருந்து பல் சக்கரம் கிடைத்துவிட்டது. அது கவ்வுவதற்கு நீளமாக, வளைகிற மாதிரி, பல் வரிசை ஒன்று வேண்டும்.

ஒரு மழை நாளில், ஃபாக்டரியிலிருந்து வந்த அப்பா தன் ஜெர்கினைக் கழற்றினார். ஜிப் சர்ரென்று இறங்கிற்று. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

ஜெர்கினுக்கு

குன்னூர் மார்க்கெட் படிக்கட்டு ஓரம் ஒரு தையல் கடை இருந்தது. பழைய ஸ்வெட்டர், ஜெர்கின் எல்லாம் பழுது பார்ப்பார்கள். மெஷினில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். எப்போதும் பல்லில் ஒரு நூல் இருக்கும், அதனால் பாதிப் பேச்சு மூக்கால் வரும்.

"பித்தளைப் பல்லு வெச்ச ஜிப்பு இருக்குங்களா? நீளமா?"

"எதுக்குங்க?"

ரயிலுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "ஜெர்கினுக்குங்க" என்றேன்.

ஜிப்பை இரண்டாகப் பிரித்து, துணிப் பட்டையைக் கீழே மடக்கி, இரண்டு மூங்கில் சிம்புக்கு நடுவே பல் மேலே பார்க்கும்படி ஒட்டினேன். கடிகாரச் சக்கரம் அதைக் கவ்வியது. வண்டி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஒரு சாண் உயரம் ஏறியது. அந்த ஒரு சாணுக்கு நான் போட்ட ஆட்டத்தில் தகரம் அதிர்ந்து, பக்கத்து வீட்டிலிருந்து சுவரைத் தட்டினார்கள்.

மலை முழுவதற்கும் எத்தனை ஜிப் வேண்டும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். நோட்டில் கணக்கு இருந்தது. இருந்தாலும் ஒவ்வொன்றாகத்தான் வாங்கினேன். அதற்குக் காரணம் தண்டவாளம் சம்பந்தப்பட்டது அல்ல.

நாலாவது தடவை அந்தப் பெண் நூலைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள். "உங்களுக்கு எத்தன ஜெர்கினுங்க?"

"ஒண்ணுதானுங்க."

"ஒரு ஜெர்கினுக்கு நாலு ஜிப்பா?"

"மலைங்க… குளுருங்க" என்றேன்.

அவள் குனிந்து மெஷினை மிதித்தாள். தோள் குலுங்கியது தையலினால் அல்ல. நான் மொத்தம் ஒன்பது ஜிப் வாங்கினேன். ஏழு மலைக்குப் போனது. இரண்டு, பசை அதிகமாகிப் பல்லெல்லாம் அடைத்து வீணாய்ப் போனது. அவற்றையும் தூக்கிப் போடவில்லை, பரணில் ஒரு டப்பாவில் வைத்தேன்.

எலி தின்ற மலை

ரயில் எப்படிக் கூரைக்குப் போயிற்று என்று சொல்ல வேண்டும்.

மலை செய்தது அம்மா. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் காகிதக் கூடை செய்யத் தெரியும். பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயம் போட்டு அரைத்து, அந்தக் கூழைக் குடத்தின்மேல் அப்பிக் காயவைத்து எடுத்தால் கூடை. அதே கூழை நான் வளைத்து வைத்திருந்த மூங்கில்மேல் அம்மா அப்பினார். "இந்தப் பக்கம் பாறை சாஞ்சு இருக்கோணும். நான் தெனம் ஏறற பாறதான, எனக்குத் தெரியாதா?" என்று தானே ஒரு சரிவை இழுத்துவிட்டார். ஒரு வாரம் வீடே வெந்தய வாசம். மரத்தூளுக்குச் சாயம் ஏற்றிப் புல் தூவினேன். காய்ந்த பாசியைக் கிள்ளித் தேயிலைச் செடி நட்டேன், நடுநடுவே நிழலுக்குச் சில்வர் ஓக் மரங்கள் வைத்தேன்.

கட்டிலுக்கு அடியில் மலையை வைத்துவிட்டு எல்லோரும் காரமடைத் தேருக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் மலையில் பாதியைக் காணவில்லை. இரண்டு குகைகளைச் செய்தவன் நான். எலி இன்னும் ஐந்து குகை போட்டிருந்தது. வெந்தயம் அதற்கு அவ்வளவு பிடித்துப்போயிருக்கிறது.

"நல்லாத்தான் ருசி சேத்திருக்கற" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

இரண்டாம் தடவை அப்பிய மலையைத்தான் கயிறு கட்டி மேலே ஏற்றினோம். உத்தரத்தில் நாலு கப்பி. நாலு கயிறும் சமையலறைக் கதவருகே ஒரே கொக்கியில் வந்து முடியும். அவிழ்த்துவிட்டால் மலை மெல்ல இறங்கி இடுப்பு உயரத்தில் நிற்கும். ஓட்டி முடித்ததும் இழுத்துக் கட்டிவிடுவோம். சாப்பிடுவது, படுப்பது எல்லாம் ரயிலுக்கு அடியில்.

விளையாட்டுப் பிள்ளை

அதைப் பார்த்துத்தான் என் முதல் சம்பந்தம் தட்டிப்போனது. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தவர்கள். ஆர்வமாக இறக்கி ஓட்டிக் காட்டினேன். நன்றாகச் சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள். பிறகு ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள்: "பையன் இன்னும் வெளையாட்டுப் புள்ளையா இருக்கறாருங்க."

எனக்கு வருத்தமில்லை. அம்மாவுக்கு இருந்தது. "படிக்க வெச்சதுக்கு இதுவா பேரு?" என்று இலைக் கூடையை ஓங்கி வைத்தார்.

அடுத்த சம்பந்தத்துக்கு என் போட்டோ போனது, பெண்ணின் போட்டோ வந்தது. பெண்ணின் அப்பா மலை ரயிலில் பிரேக்ஸ்மேன் என்றார்கள். குடியிருப்பது குன்னூரில். பெயர் கோகிலா. போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பல்லில் நூல் இல்லாததால் அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் பிடித்தது, அவ்வளவுதான்.

யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. "உனக்கு இஷ்டமா?" என்று அம்மா கேட்டதற்கு, "உங்க இஷ்டம்" என்றேன். என் குரலைக் கேட்டுவிட்டு அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை, ரயில் கூடாது என்ற அம்மாவின் உத்தரவுக்கு நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மலையை உத்தரத்தோடு ஒட்ட இழுத்துக் கட்டினேன். அடியில் அம்மாவின் பழைய சேலையை விரித்துத் தைத்து, மேல்மூடி போட்ட மாதிரி ஆக்கினேன். இன்னொரு தடவை யாராவது என்னை விளையாட்டுப் பிள்ளை என்று சொன்னால், போவது வெறும் சம்பந்தம் அல்ல. படிக்கட்டு ஓரத்துத் தையல் கடைக்கு அப்புறம் நான் எந்த முகத்தோடு போவது?

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும். எலி கயிறு வழியாக நடக்கக் கற்றுக்கொண்டது எங்களுக்குத் தெரியாது.

முன்னால யாரு?

ரங்கசாமி மரத்தைத் தட்டின் ஓரம் நிமிர்த்தி வைத்தார். அண்ணாந்து பார்த்தார். சேலையின் கிழிசலில் எலியின் வால் ஆடிக்கொண்டிருந்தது.

"மேல என்னங்க?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா எழுந்துபோய்க் கொக்கியை அவிழ்த்தார். "பாத்துட்டே போகட்டும். எலி தின்ன மிச்சமாவது இருக்குதே" என்றார்.

மலை இறங்கியது. அத்தை காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். எலி குதித்துச் சமையலறைக்கு ஓடியது. அதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை, ஏனென்றால் ரங்கசாமி மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கண்ணுக்கு நேராகப் பாலம் இருந்தது.

"பாலத்துக்குக் கீழ தண்ணிக் கொழாயி… அட, டேங்கி கூட வெச்சிருக்கறாரு." ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் போனார். "ஓடுங்களா?"

எலிமினேட்டரைத் திருகினேன். வண்டி கடகடத்துக்கொண்டு ஏறியது. முதல் குகைக்குள் போய் வெளியே வந்தது. அவர் முகம் தண்டவாளத்தின் பக்கம் குனிந்தது. நடுவில் இருந்த பல் வரிசையைப் பார்த்தார். இன்னும் குனிந்தார்.

"தம்பி, இது ஜிப்பு."

"ஆமாங்க."

அவர் எழுந்து தங்கையைத் திரும்பிப் பார்த்தார். "ஏ லட்சுமி, நம்ம அம்மணி கோகிலா சொல்லிச் சொல்லிச் சிரிக்குமே, ஒத்த ஜெர்கினுக்கு ஒம்பது ஜிப்பு வாங்கற ஒரு ஆளுன்னு."

அத்தை நாற்காலியிலிருந்து காலை இறக்கினார். "அட கடவுளே. இவருதானா அது."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குக் காது எரிந்தது. ஆனால் என்னைப் பற்றி ஒரு வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள் என்பது, யோசித்துப் பார்த்தால், கெட்ட செய்தி இல்லை.

அந்தச் சந்தோஷம் இன்னொரு சுற்று வரை நீடித்தது. வண்டி பாலத்தில் ஏறும்போது ரங்கசாமியின் முகத்தில் சிரிப்பு மறைந்துவிட்டது.

"வண்டி மேல ஏறுதுங்களா, கீழ எறங்குதுங்களா?"

"ஏறுதுங்க."

"எஞ்சின் பின்னால இருந்து தள்ளுது. அது சரி." பெட்டிகளின் ஓரத்தைக் காட்டினார். "முன்னால யாரு நிக்கறது?"

நான் முதல் பெட்டியைப் பார்த்தேன். வாசல் மேடை இருந்தது. கம்பி அழி இருந்தது. அழியில் எத்தனை கம்பி என்று எண்ணி வைத்திருந்தேன். ஆள் இல்லை.

"டிரைவர் பின்னால எஞ்சின்ல இருக்கறாரு. அவருக்கு முன்னால நாலு பொட்டியும் செவுரு மாதிரி நிக்குது. தண்டவாளத்துல கல்லு கெடக்குதா, மாடு நிக்குதா, ஆன நிக்குதா, அவருக்கு ஒண்ணும் தெரியாது. மொதப் பொட்டியில கொடியோட நான் நிக்கறன். நான் காட்டறத ரெண்டாவது பொட்டிக்காரன் பாத்துக் காட்டுவான். அவனப் பாத்து மூணாவது. அப்படியே எஞ்சின் வரைக்கும் போகும். பிரேக்கும் நாங்க நாலு பேருந்தான் புடிக்கறது." வண்டி குகைக்குள் நுழைந்தது. "உங்க வண்டி கண்ணக் கட்டிட்டு மல ஏறுது தம்பி. இத நிறுத்துங்க."

நான் நிறுத்தினேன்.

"ஆளில்லாம வண்டி எடுக்கறதில்லீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வேலையைப் பற்றிச் சொல்கிறவர் குரலில் சொன்னார். மீதிக் காப்பியைக் குடித்தார். கும்பிட்டார். "சொல்லி அனுப்பறமுங்க" என்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

இஞ்சித் துண்டுகள்

"சொல்லி அனுப்பறம்" என்றால் என்ன அர்த்தம் என்று மேட்டுப்பாளையத்தார் எங்களுக்கு ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

"பலகைய எறக்கி வெறகாக் கீறிடலாம்" என்றார் அம்மா. "எலிக்கும் எடம் மிச்சம்."

அப்பா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "டேய் குமாரு, அந்தப் பாலத்துக்கு மூணு வாரம் உக்காந்த. ஒரு ஆள வெக்கோணும்னு தோணவே இல்லியா உனக்கு?"

தோணவில்லை. அதுதான் உண்மை. தண்ணீர்க் குழாயை வைத்தேன், கம்பியை எண்ணினேன், ஸ்டேஷன் மணிக்குக் கூட ஒரு பித்தளைக் குண்டுமணி தேடிப் பிடித்தேன். தினமும் என் கண்ணெதிரே கொடியோடு போகிற ஆளை நான் ஒரு நாளும் அளக்கவில்லை. கயிற்றில் அவருக்கு முடிச்சே இல்லை.

அந்த வாரம் களிமண்ணில் ஆள் செய்து பார்த்தேன். ஐம்பதில் ஒரு பங்கு ஆள் மூன்று சென்டிமீட்டரும் சொச்சமும். மூக்கு வைத்தால் தலை நசுங்கியது. கை வைத்தால் கால் விழுந்தது. அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "இஞ்சியக் கழுவாம ஏன்டா இங்க வெச்சிருக்கற?" என்று கேட்டார். வேண்டுமென்றே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ரயிலை ஓட்டவில்லை. மார்க்கெட் படிக்கட்டுப் பக்கமும் போகவில்லை.

நாலு பெட்டிக்காரர்கள்

அடுத்த ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. எங்கள் எஸ்டேட் பாதை ஓரிடத்தில் தண்டவாளத்தை ஒட்டிக்கொண்டு போகும். அங்கே போய் நின்றேன். ஆளை அளக்கலாம் என்று கையில் சணல் கயிறு கூட இருந்தது. ஓடுகிற வண்டியில் நிற்கும் ஆளைக் கயிற்றால் எப்படி அளப்பேன் என்று யோசிக்கவில்லை.

கூவல் கேட்டது. பிறகு இரும்பு கவ்வும் சத்தம். வளைவில் முதல் பெட்டி தலைகாட்டியது. மேடையில் ரங்கசாமி, காக்கிச் சட்டை, கையில் கொடிகள்.

என்னைப் பார்த்துவிட்டார். உடனே கண்ணைத் தண்டவாளத்துக்குத் திருப்பிக்கொண்டார். நான் கயிற்றைச் சுருட்டினேன். பெட்டி என்னைத் தாண்டும்போது, முன்னாலிருந்து பார்வையை எடுக்காமல், வாயை மட்டும் கோணி, "பின்னால வாங்கிக்கங்க" என்றார்.

அந்த வண்டி அங்கே மனிதன் ஓடும் வேகத்தில்தான் ஏறும். இரண்டாவது பெட்டியின் மேடையிலிருந்த ஆள் கையை நீட்டினார். கையில் ஒரு பெரிய தீப்பெட்டி, நூல் சுற்றியது. நான் கூடவே ஓடி வாங்கினேன்.

"உங்கள எங்க கண்டாலும் குடுக்கச் சொல்லி ரங்கசாமியண்ணன் ஊட்ல குடுத்தாங்க. நசுக்கிராதீங்க."

மூன்றாவது பெட்டிக்காரர் கம்பியைப் பிடித்துக் குனிந்தார். "அதுல நான் யாருன்னு பாத்துச் சொல்லோணும். என்னைய ஒல்லியாப் பண்ணிருக்குதாமா அந்தப் புள்ள."

நாலாவது ஆள் நான் ஓடுவதைப் பார்த்தார். "மாப்ள, வழுக்கும், பாத்து."

மாப்ள என்று யாரையும் யாரும் கூப்பிடுவார்கள்தான். ஆனால் அந்த மனிதருக்கு என்னைத் தெரியாது, எனக்கும் அவரைத் தெரியாது. கடைசியில் எஞ்சின் வந்தது. டிரைவர் கரிமுகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தேவையே இல்லாத இடத்தில் ஒரு நீண்ட கூவல் கொடுத்தார். செய்தி முதல் பெட்டியிலிருந்து எஞ்சின் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

ஐந்தாவது ஆள்

தீப்பெட்டியை அங்கேயே, ஈரப் புல்லில் உட்கார்ந்து திறந்தேன். பஞ்சு மெத்தைமேல் நாலு பேர் படுத்திருந்தார்கள்.

தீக்குச்சி ஆட்கள். மருந்துத் தலைதான் தலை. உடம்பு முழுவதும் காக்கி நூலை நெருக்கமாகச் சுற்றி, கைக்கு வேறு குச்சித் துண்டு கட்டி, அதில் பொட்டளவு சிவப்புத் துணி, பொட்டளவு பச்சைத் துணி. ஒருவருக்கு மட்டும் கறுப்பு நூலில் மீசை.

அவர்களுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒருத்தி. மஞ்சள் நூல் சேலை. அவளை மட்டும் இடுப்பில் லேசாக ஒடித்து, உட்கார்ந்த மாதிரி வளைத்திருந்தது.

பஞ்சுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம்.

"ஆளில்லாமல் வண்டி எடுக்க வேண்டாம். நாலு பேரை அனுப்பியிருக்கிறேன். அப்பாவின் பழைய யூனிஃபாரத்தில் உருவிய நூல். மீசை உள்ளவரை முன்னால் நிறுத்தவும். ஐந்தாவது ஆளுக்கு ரயில்வேயில் வேலை இல்லை. இரண்டாவது பெட்டியில், பள்ளம் தெரிகிற பக்கம், ஜன்னலோரம் உட்கார வைக்கவும். உங்கள் போட்டோ பார்த்தபோதே ஜிப் வாங்குகிறவர் என்று எனக்குத் தெரியும். ஜெர்கின் நன்றாக மலை ஏறுகிறது என்று அப்பா சொன்னார்."

வீடு வரைக்கும் தீப்பெட்டியை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அம்மாவிடம் காகிதத்தைப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மூன்றாம் தடவையும் கேட்டார். பிறகு எழுந்துபோய், தன் கையாலேயே கொக்கியை அவிழ்த்து மலையை இறக்கினார்.

பெட்டி மேடைகளில் நாலு பேரையும் ஒட்டினேன். அளவு பார்த்தால் ஒவ்வொருவரும் ஆறரை அடி உயரம். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது பெட்டிதான் சிக்கல். கூரையை முன்பே ஒட்டிவிட்டிருந்தேன், உள்ளே ஸீட் கிடையாது. வெளியே தெரிவதை மட்டும்தான் நான் செய்திருந்தேன். பிளேடை எடுத்துக் கூரையைச் சுற்றி அறுத்தேன். இரண்டு மாத வேலை. அறுக்கும்போது கை கூசவே இல்லை. மூங்கில் சிம்பில் பலகை சீவி, ஜன்னலோரம் ஒரு ஸீட் வைத்தேன். மஞ்சள் சேலைக்காரியை உட்கார வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தாள்.

அம்மா குனிந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "ஸீட்டு என்னடா இத்தன அகலம்? பக்கத்துல யாரு?"

அப்பா அடுப்படியிலிருந்து ஒரு தீக்குச்சியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

நான் பரண் டப்பாவைத் திறந்து, வீணாய்ப்போன அந்த இரண்டு ஜிப்புகளில் ஒன்றை எடுத்தேன். அதன் நீலப் பட்டையிலிருந்து மெல்ல நூலை உருவ ஆரம்பித்தேன். அவனுக்கு ஒரு ஜெர்கின் வேண்டும்.